எத்தனை பாடம்? – பள்ளி இறுதித் தேர்வும் நம் பிள்ளைகளும்

2025ஆம் ஆண்டு வைகாசித் திங்களில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான மறுவாரம், ஒரு மாலைப் பொழுதில் தாயொருத்தி தன் மகளை அழைத்துக்கொண்டு எம் இல்லம் வந்தார். போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, அப்பால் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் சென்று மீளும் நூற்றுக்கணக்கான பெண்களுள் அவரும் ஒருவர். மகள் தமிழிலும் சமூக அறிவியலிலும் தேறியிருந்தாள். ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய மூன்றிலும் தவறியிருந்தாள். மதிப்பெண் தாளை மடித்து மடித்துக் கைக்குட்டை அளவாக்கிக் கையில் வைத்திருந்தாள்.

"மூணையும் சேத்து எழுதுனா இந்த வருசமே பதினொண்ணுல சேந்துரலாம்னு சொல்றாக. ஒண்ணு ரெண்டு எழுதிட்டு மிச்சத்தப் பெறகு பாக்கலாம்னும் சொல்றாக. எத்தன பாடம் எழுதச் சொல்றது? நீங்க சொல்லுங்கண்ணே" என்றார் தாய்.

முப்பது ஆண்டுகளை எட்டும் ஆசிரியப் பணியில் எத்தனையோ வினாக்களுக்கு உடனே விடை கூறியிருக்கிறோம். இவ்வினாவுக்கு மட்டும் அன்று உடனே விடை கூற இயலவில்லை. நாளை வரச் சொல்லி அனுப்பினோம். ஒரு பிள்ளை எத்தனை பாடம் எழுதவேண்டும் என்பதை யார், எப்போது, எவ்வாறு முடிவு செய்து வந்தனர் என்னும் வரலாற்றை அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். அவ்வெண்ணங்களே நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் இக்கட்டுரையாக அமைகின்றன.

ஒன்றில் தவறினால் அனைத்திலும் தவறு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. கல்லூரிக்குள் நுழைய விரும்பும் எவரும் அப்பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் தேர்வில் தேறவேண்டும் என்பது விதி. ஆங்கிலம், மற்றொரு மொழி, கணிதம், இயற்பியலும் வேதியியலும், வரலாறும் புவியியலும் எனப் பாடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. இவற்றுள் எதை எழுதுவது, எதை விடுவது என்னும் உரிமை மாணவனுக்கு இல்லை. அனைத்திலும் தேறினால் உள்ளே. ஒன்றில் வழுக்கினாலும் வெளியே.

இம்முறையின் கடுமைக்குத் தமிழகம் முழுதும் அறிந்த சான்று கணிதமேதை இராமானுசன். 1903ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேறிய அவர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, 1906இல் எப்.ஏ. தேர்வு எழுதித் தவறினார்; 1907இல் தனித்தேர்வராக எழுதி மீண்டும் தவறினார். உலகமே வியந்த ஒரு மூளை, உடலியல் பாடத்திலும் மொழிப் பாடத்திலும் தேறாததால் பட்டம் பெறாது போயிற்று. எனினும் அவருடைய நோட்டுப் புத்தகங்களைக் கண்டு நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் போன்றோர் திங்கள்தோறும் பொருளுதவி செய்தனர். 1913இல் பல்கலைக்கழகமே திங்களுக்கு 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது.

இதனை நம் பெற்றோர் கூர்ந்து நோக்கவேண்டும். சான்றிதழ் இல்லாமலும் அறிவு வெல்லும் என்று மேடைகளில் இராமானுசனை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவரும் வறுமையில் உழன்றவரே, ஐயமில்லை. ஆயினும் கதவைத் தட்டினால் திறந்து பார்க்கும் மனிதர்கள் அவருக்கு வாய்த்தனர். நம் தெருவிலிருந்து நோட்டுப் புத்தகத்துடன் சென்ற பிள்ளைக்கு அக்காலத்தில் எந்த ஆட்சியர் கதவு திறந்திருக்கும்? அறிமுகம் செய்துவைக்க ஆளில்லாதவனுக்குச் சான்றிதழே அறிமுகம். எனவேதான் மற்றவர்க்குத் தேர்வு என்பது ஒரு படி; நமக்கோ அதுவே ஏணி.

அக்காலத்தில் நம் மக்களுக்கு இருந்த நெருக்கடி எத்தனை பாடம் என்பதன்று. எந்தப் பள்ளி என்பதே. 1893இல்தான் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்குத் தனி ஊக்கம் அளிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மெட்ரிகுலேசன் தேர்வு தோன்றி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே நமக்கு அரிச்சுவடியின் வாயில் சற்றே திறந்தது என்பதை இவ்விரு ஆண்டுகளும் காட்டும்.

பள்ளிக்குள் நுழைந்த பின்னரும் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்துவிடவில்லை. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது வடமொழி கற்க விரும்பினார். தீண்டத்தகாதவன் என்று கூறி அதனை மறுத்தனர். பாரசீக மொழியையே அவர் பாடமாக எடுக்க நேர்ந்தது. 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேர்வில் 750க்கு 282 மதிப்பெண் பெற்றுத் தேறினார். இன்று நம் பிள்ளைகள் 282 என்னும் எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கக்கூடும். அன்றோ அந்த வெற்றிக்காகப் பாராட்டுக் கூட்டம் நடைபெற்றது. அக்கூட்டத்தில் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். அந்த 282தான் பின்னர் 1912இல் பி.ஏ. பட்டமாகவும், கொலம்பியாவாகவும், இலண்டனாகவும் விரிந்தது. பெரிய மதிப்பெண்ணன்று, முழுத் தேர்ச்சியே அவருக்குக் கதவைத் திறந்தது.

1911 முதல் 1978 வரை

மெட்ரிகுலேசன் தேர்வின் பிடி பள்ளிக்கல்வியை நெரிக்கிறது என்னும் குறை வலுத்ததால், சென்னை மாகாணத்தில் 1911ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. என்னும் பள்ளி இறுதிச் சான்றிதழ் முறை தோன்றியது. பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு, பள்ளியில் மாணவன் ஈட்டிய மதிப்பெண்ணும் சான்றிதழில் இடம்பெற்றது. பாடங்கள் பிரிவுகளாக வகுக்கப்பட்டு, சில கட்டாயம் என்றும் சில விருப்பம் என்றும் ஆயின. தேர்வு நாளில் காய்ச்சல் கண்டவனும் தன் பல்லாண்டு உழைப்பைக் காட்ட ஒரு தாள் இருந்தது. பிற்காலத்தில் இம்முறையும் மாறி மாறிப் பழைய கடுமைக்கே திரும்பிற்று எனினும், மாணவனை ஒரே நாளில் அளக்கலாகாது என்னும் கருத்து நம் மண்ணில் அன்றே முளைத்துவிட்டது.

1944ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மெட்ரிகுலேசனுக்குப் பிற்பட்ட கல்விக்கான உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. அப்பெயரையே நோக்குக. மெட்ரிகுலேசனுக்குப் பின் என்பதே அதன் வாசகம். பள்ளி இறுதித் தேர்வில் ஒரே ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு அவ்வுதவி இல்லை. ஆகவே கடைசிப் பாடத்தின் மதிப்பு மற்றப் பாடங்களின் மதிப்பைப் போன்றதன்று. ஐந்தில் நான்கு தேறுவது ஐந்தில் நான்கு பங்கு பயன் தருவதில்லை. ஐந்தாவது தேறும்வரை அந்த நான்கும் பெட்டியில் பூட்டிய நெல்லே.

1968ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நம் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றியதால் பள்ளிகளில் இந்திப் பாடம் நீங்கிற்று. மாணவனின் சுமையில் ஒன்று குறைந்தது. 1978ஆம் ஆண்டில் பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி.யும் கல்லூரிப் புகுமுக வகுப்பும் நீங்கி, பத்தாம் வகுப்பும் அதன்மேல் ஈராண்டு மேல்நிலைக் கல்வியும் கொண்ட முறை வந்தது. பத்தாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். மேல்நிலைக்கு இரு மொழிகளும் நான்கு முதன்மைப் பாடங்களுமாக ஆறு. புகுமுக வகுப்புக்காகக் கல்லூரி உள்ள ஊரைத் தேடி, விடுதிச் செலவுக்கு வழியின்றித் திகைத்த மலையடிவாரப் பிள்ளைகளுக்கு, தம் ஊர்ப் பள்ளியிலேயே மேலும் ஈராண்டு பயிலும் வாய்ப்பு இதனால் கிட்டிற்று.

எனினும், ஐந்து, ஆறு என்னும் எண்ணிக்கையை அரசு வகுத்தது. எந்த ஆறு என்பதைப் பள்ளியே பெரிதும் வகுத்தது. நாம் 1980களில் பத்தாம் வகுப்புத் தேறி மேல்நிலையில் சேரச் சென்றபோது கணிதப் பிரிவு கேட்டோம். எம் மதிப்பெண் அதற்குப் போதுமானதாகவே இருந்தது. விண்ணப்பத்தை வாங்கியவர் எம் சாதிச் சான்றிதழைப் பார்த்தார். பின்னர் எம்மைப் பார்த்தார். "உனக்கெல்லாம் கணக்கு எதுக்குப்பா? வரலாறு எடு, சுலபமாப் பாஸ் பண்ணலாம்" என்றார். அவர் தீய எண்ணத்தோடு கூறினார் என்று இன்றும் நாம் கருதவில்லை, உதவுவதாகவே நினைத்திருப்பார். வரலாற்றை நாம் பின்னர் உயிராக விரும்பிக் கற்றோம். அதுவே எமக்குச் சோறிட்டது. ஆயினும் அதனைத் தேர்ந்தெடுத்தவர் நாமல்லோம். வடமொழி மறுக்கப்பட்ட அண்ணலுக்கும் எமக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. ஆனால் இருவரையும் நோக்கி நீட்டப்பட்ட விரல் ஒன்றே.

ஆறா, ஐந்தா?

அண்மை வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். 2017–18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பாடத்துக்கு 200 என்றிருந்த மதிப்பெண் 100 ஆயிற்று. மொத்தம் 1200 என்பது 600 ஆயிற்று. பதினொன்றில் தவறியோர் பன்னிரண்டாம் வகுப்பைத் தொடர்ந்துகொண்டே பழைய பாடங்களையும் எழுதலாம் என்று விதித்தனர். நல்ல எண்ணமே. ஆயினும் பதினொன்றில் ஆறிலும் தவறிய பிள்ளைக்கு மறு ஆண்டு ஆறும் ஆறும் பன்னிரண்டு பாடங்களாயின. ஏலத்தோட்டத்தில் சுமை தூக்குவோர்க்கும் ஓர் அளவு உண்டு. இப்பிள்ளைக்கு அவ்வளவும் இல்லை. 2025ஆம் ஆண்டு வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025–26 முதல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது நமக்கு நிம்மதியே.

இதற்கிடையே 2019ஆம் ஆண்டில் ஓர் அரசாணை வந்தது. மேல்நிலையில் நான்கு முதன்மைப் பாடங்களுக்குப் பதிலாக மூன்றை மட்டும் எடுத்து, 600க்குப் பதிலாக 500 மதிப்பெண்ணுக்குத் தேர்வு எழுதவும் மாணவர் விரும்பலாம் என்றது அவ்வாணை. பொறியியல் விரும்புவோர்க்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் போதும். மருத்துவம் விரும்புவோர்க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும் என்பது அதன் உட்கிடை. மாணவரின் மன அழுத்தம் குறையும் என்பது கூறப்பட்ட காரணம். 2020–21இல் நடைமுறைக்கு வர இருந்த இவ்வேற்பாடு, கல்வியாளரின் எதிர்ப்புக்குப் பின் 2020ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. நான்கு முதன்மைப் பாட முறையே தொடர்ந்தது.

அவ்வாணை வந்த நாட்களில் எம் பள்ளிப் பெற்றோர் பலர் மகிழ்ந்தனர். "ஒரு பாடம் குறைஞ்சா நல்லதுதானே சார்" என்றனர். அது நேர்மையான வினா. மத்திய வாரியப் பள்ளிகளில் மேல்நிலைக்கு ஐந்து பாடங்களே கட்டாயம். ஆறாவது விருப்பமே என்பதும் உண்மை. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பதினைந்து வயதிலேயே தான் மருத்துவமா பொறியியலா என்று தீர்மானிக்க, வீட்டில் மருத்துவரும் பொறியாளரும் இருப்பர். விரும்பினால் ஆறாவதையும் எடுப்பான். நம் பிள்ளையோ பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னரே இன்னின்ன படிப்புகள் உள்ளன என்று கேள்வியுறுகிறாள். அவளுக்கு நான்காவது முதன்மைப் பாடம் சுமையன்று, மற்றொரு கதவு. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. அவ்வாணை நடைமுறைக்கு வந்து ஒரு பாடத்தை விட்டுவிட்டிருந்தால், நம் பிள்ளை இவ்வாறு திறந்த வாயிலின்முன் நின்று கைபிசைந்திருப்பாள். நாளை எந்த வாயில் திறக்கும் என்பதை இன்று அறியோம். ஆகவே சேரும்போது பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாகாது என்பதே இவ்வரலாறு எமக்குக் கற்பித்த முதற்பாடம்.

மலைக்கு அப்பால்

நம் ஊரின் இயல்பு ஒன்றை இங்குக் கூறவேண்டும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு இணைந்தன. போடிமெட்டின் உச்சியில் மாநில எல்லை வந்தது. ஏலக்காயும் கூலியாளும் மட்டும் எல்லையறியாது நடந்தனர். இதனால் ஒரே குடும்பத்தில் அக்காள் போடியில் பாட்டியுடன் தங்கிப் பயில, தம்பி தோட்டத்து லயத்தில் பெற்றோருடன் இருந்து கேரளப் பள்ளியில் பயில்வது உண்டு. அக்காள் பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம் எழுதுகிறாள். தம்பி பத்துப் பாடம் எழுதுகிறான். அங்கே இயற்பியல், வேதியியல், உயிரியல் தனித்தனி. இந்தியும் தகவல் தொழில்நுட்பமும் உண்டு. ஆனால் 2005 முதல் அங்கே தரநிலை முறை வழங்குகிறது. பத்து வயிற்றுக்கு ஒரு வயிறு குறைந்த உணவும், ஐந்து வயிற்றுக்கு நிறைந்த உணவும் ஒன்றல்ல என்பது போல, பாடத்தின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சுமையை அளக்க இயலாது என்பதை இவ்விருவரும் நமக்கு உணர்த்துவர்.

இங்கிலாந்திலும் இவ்வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1918 முதல் அங்கிருந்த பள்ளிச் சான்றிதழ், குறித்த பாடங்களில் ஒருசேரத் தேறினால்தான் கிட்டும். 1951இல் அதனை நீக்கி, பாடந்தோறும் தனித்தனியே தேர்ச்சி வழங்கும் சாதாரண நிலைத் தேர்வைக் கொணர்ந்தனர். தேறிய பாடம் தேறியதாகவே நிற்கும். தவறியது மட்டும் மீளும். நம் நாட்டில் இக்கருத்தை முழுமையாக ஏற்றது 1989இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி. அங்கே பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அதனுள் ஒன்பது முறை தேர்வு எழுதும் வாய்ப்பு உண்டு. ஐந்து பாடங்களை ஒவ்வொன்றாகவும் தேறிச் சேர்த்துக்கொள்ளலாம். நம் மாநிலத் தேர்விலும் தேறிய பாடத்தை மீண்டும் எழுதவேண்டுவதில்லை. தவறிய பாடங்களை மட்டும் எழுதலாம். கோடையின் முடிவில் துணைத்தேர்வும் வந்தது. ஒரு காலத்தில் மூன்று பாடங்கள் வரை தவறியோர் மட்டுமே அத்தேர்வை எழுதலாம் என்ற வரம்பு இருந்தது. பின்னர் அதுவும் தளர்ந்தது.

ஒன்றில் தவறினால் அனைத்திலும் தவறு என்ற 1857இன் விதியிலிருந்து, தேறியது தேறியதே என்ற விதிக்கு நாம் வந்து சேர்ந்துள்ளோம். ஆயினும் விதி மாறிய அளவுக்கு நம் மனம் மாறவில்லை. இதனைப் பிறர்மேல் ஏற்றிக் கூறாது, எம்மேல் ஏற்றியே கூறுவோம்.

நாம் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் நான்கு பாடங்களில் தவறினான். இரண்டில் குறை சிறிது. இரண்டில் குறை பெரிது. அவன் எம்மிடம் வந்து, "ரெண்டு மட்டும் எழுதட்டுமா சார்?" என்று கேட்டான். நாம் சினந்தோம். "ஆண்பிள்ளை, துணிந்து நான்கையும் எழுது. பாதி எழுதுபவன் பாதியிலேயே நிற்பான்" என்றோம். அன்று அது வீரமான அறிவுரையாக எமக்குத் தோன்றிற்று. அவன் நான்கையும் எழுதினான். நான்கிலும் தவறினான். முன்பு சிறிதே குறைந்திருந்த இரு பாடங்களிலும் இப்போதும் சிறிதே குறைந்திருந்தது. இருந்த நாட்களை நான்காகப் பிரித்ததால், எதற்கும் போதிய நாள் இல்லாது போயிற்று.

இரண்டை மட்டும் எழுதியிருந்தால் அவன் இரண்டிலும் தேறியிருப்பான் என்பதில் எமக்கு இன்று ஐயமில்லை. இரண்டு தேறிய பிள்ளை மூன்றாவதற்கு வருவான். நான்கிலும் இருமுறை தவறிய பிள்ளை, தனக்குப் படிப்பு ஏறாது என்று முடிவு கட்டிவிடுவான். அவன் அவ்வாறே முடிவு கட்டினான். ஆவணியில் காய்ப்பறிப்பு தொடங்கியதும் ஜீப்பில் ஏறினான். இன்றும் தெருவில் கண்டால் வணங்குகிறான். எம்மை அவன் குறை கூறியதில்லை. அதுவே எமக்குப் பெரிய தண்டனை.

எத்தனை பாடம் என்பது எத்தனை நாள் என்பதே

மறுநாள் தாயும் மகளும் வந்தனர். மதிப்பெண் தாளை விரித்து வைத்தோம். ஆங்கிலத்தில் 28. அறிவியலில் செய்முறை நன்று. எழுத்துத் தேர்வில் சில மதிப்பெண்களே குறை. கணிதத்தில் 11. துணைத்தேர்வுக்கு இருந்தவை ஏறத்தாழ ஆறு வாரங்கள்.

மூன்றையும் எழுதித் தேறினால் அவ்வாண்டே பதினொன்றில் சேரலாம் என்பது உண்மை. மூன்றுக்கும் பணம் கட்டுவதால் தேறிய எதுவும் பறிபோவதில்லை என்பதும் உண்மை. ஆனால் 11இலிருந்து 35க்கு ஆறு வாரங்களில் ஏறவேண்டுமெனில், நாளின் பெரும்பகுதியைக் கணிதமே விழுங்கும். கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் ஆங்கிலமும் அறிவியலும் நழுவும். இரண்டை எழுதி இரண்டில் தேறுக. கணிதத்துக்கு அடுத்த பங்குனி வரை ஒன்பது திங்கள் உண்டு என்பது எம் கருத்து.

தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஒரு வருசம் சும்மா வீட்ல இருந்தா, வீட்லயா இருப்பா? மலைக்கு வந்துருவாண்ணே. நானே கூட்டிட்டுப் போயிருவேன். அவுக அப்பா சொல்றதுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார்.

எம் கணக்கில் விடுபட்டிருந்தது அதுவே. ஆடி, ஆவணியில் தொடங்கும் ஏலக்காய்ப் பறிப்பு தை, மாசி வரை சுற்றுச் சுற்றாகத் தொடரும். காலாண்டுத் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் அப்பறிப்புக் காலத்திலேயே வருகின்றன. ஒரு நாள் கூலி ஒரு வீட்டின் ஒரு நாள் அடுப்பு. பள்ளிப் பதிவேட்டில் பெயரில்லாத பெண்பிள்ளைக்கு வீட்டில் இருக்கக் காரணம் இல்லை. ஜீப்பில் இடம் எப்போதும் உண்டு. பாடத்தைப் பிரித்து எழுதுவதன் ஆபத்து தேர்வுக்கூடத்தில் இல்லை. இரு தேர்வுகளுக்கு இடைப்பட்ட அந்த ஒன்பது திங்களில் உள்ளது. நகரத்துப் பிள்ளைக்கு எத்தனை பாடம் என்பது மதிப்பெண் கணக்கு. மலையடிவாரத்துப் பிள்ளைக்கு அது, எத்தனை நாள் ஜீப்பில் ஏறாமல் அவளைக் காக்க முடியும் என்னும் கணக்கு.

அப்போதுதான் நம் கழகத்தின் மாலைநேரப் படிப்பகம் நினைவுக்கு வந்தது. அந்த ஒன்பது திங்களும் அவள் நாள்தோறும் படிப்பகத்தில் தன் கணிதத்தைப் பயிலவேண்டும். பிற்பகலில் அங்கு வரும் சிறுவர்க்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத்தரவேண்டும். அதற்குச் சிறுதொகை ஒன்று திங்கள்தோறும் வழங்கப்படும் என்று கழகத்தார் இசைந்தனர். தொகை ஒரு வார ஏலக்கூலிக்கும் ஈடாகாது. ஆயினும் "எங்கே போகிறாள்?" என்று கேட்போர்க்கு அவள் தந்தை கூற ஒரு விடை கிடைத்தது.

இறுதியில் நாம் அப்பெண்ணையே கேட்டோம். "நீ சொல் தாயி, எத்தனை பாடம்?" அதுவரை வாய் திறவாதிருந்தவள், "ரெண்டு சார். கணக்க மொதல்ல இருந்து படிக்கணும் சார். அஞ்சாப்புக் கணக்குல இருந்தே எனக்குப் புரியல" என்றாள். எமது முப்பதாண்டு அனுபவம் கூறாத செய்தியை அவள் ஒரு தொடரில் கூறினாள். அவளை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

சூலையில் இரண்டும் எழுதினாள், இரண்டிலும் தேறினாள். அவளுடன் பயின்றோர் இன்று பதினோராம் வகுப்பில் இருக்கின்றனர், அவள் இல்லை. அவ்விழப்பை மறைத்துக் கூறோம். சீருடையுடன் தோழியர் செல்லும் நேரத்தில் அவள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதாகத் தாய் கூறினார். கணிதத்தில் பின்னமும் தசமமும் முடிந்து இயற்கணிதம் நடைபெறுகிறது. பங்குனியில் என்னாகும் என்பதை இம்மலர் அச்சேறும் வேளையில் நாம் அறியோம்.

நிறைவாகச் சில சொற்கள்

நம் சமுதாயப் பெற்றோர்க்கும், நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் இளைஞர்க்கும் இவ்வரலாற்றிலிருந்து நாம் கூற விழைவன சிலவே. படிப்பில் சேரும்போது பாடத்தைக் குறைக்க ஒப்பாதீர்; சுலபம் என்று கூறி எவரேனும் நம் பிள்ளையை ஒரு பிரிவுக்குத் தள்ளினால், ஏன் என்று நின்று கேளுங்கள். தவறிய பாடங்களை எழுதும்போது, இருக்கும் நாட்களை எண்ணிப் பாருங்கள். கைக்கெட்டுவதை முதலில் பறியுங்கள். ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒருநாளில் முற்றுவதில்லை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. முற்றியதைப் பறித்து, பிஞ்சை விட்டு, நாற்பது நாள் கழித்து மீண்டும் அதே செடிக்கு வரும் கைகள் நம்முடையவை. ஆனால் மீண்டும் வருவோம் என்னும் உறுதி இருந்தால்தான் பிஞ்சை விடலாம். அவ்வுறுதியைப் பிள்ளை தனியே தாங்க இயலாது. வீடும் பள்ளியும் கழகமும் சேர்ந்து தாங்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு செய்யுமுன் பிள்ளையைக் கேளுங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வைத்திருக்கும் நம் கல்விக் கழகம் பல்லாண்டு வாழ்க. அதன் படிப்பகத்தில் இன்று மாலையும் ஒரு பெண் பலகையின்முன் அமர்ந்து ஒரே ஒரு பாடம் பயின்றுகொண்டிருப்பாள். அந்த ஒரு பாடத்தில் அவள் வெல்க.